செய்தீர்களா, செய்வீர்களா? – நேர்காணல் கேள்விகள் பற்றி வாசகர் கேள்வி, பதில்

வேலை நேர்காணல் குறித்து வந்த கேள்விகளில் ஒரே சந்தேகத்தைப் பலர் வேறு வேறு சொற்களில் கேட்டிருந்தார்கள். அவற்றைச் சேர்த்துத் தொகுத்திருக்கிறோம்.

"நேர்காணலில் கேட்கப்படும் 100 கேள்விகள்" என்று இணையத்தில் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அந்த நூறும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். வகையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கேள்வியின் வினைச்சொல்லைக் கவனிப்பது.

"எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று இறந்தகாலத்தில் வந்தால் அது அனுபவக் கேள்வி. உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று வந்தால் சூழல் கேள்வி. நீங்கள் முடிவெடுக்கும் விதத்தைப் பார்க்கிறார்கள். "இது எப்படி வேலை செய்கிறது?" என்பது தொழில் அறிவுக் கேள்வி. "ஏன் இந்த வேலை? ஏன் அங்கிருந்து விலகினீர்கள்?" என்பவை நோக்கம் பற்றியவை. "எப்போது சேர முடியும்? என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்பவை ஏற்பாடு பற்றியவை, இரண்டு வரியில் பதில் சொன்னால் போதும். இவை போக, சில இடங்களில் கணக்குப் போட்டு மதிப்பிடச் சொல்லும் கேள்விகளும் வரும்.

பதில் தெரியாமல் சறுக்குபவர்களைவிட, ஒரு வகைக் கேள்விக்கு இன்னொரு வகைப் பதிலைச் சொல்லிச் சறுக்குபவர்களே அதிகம். "கோபமாக வந்த ஒரு வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால், "வாடிக்கையாளர் கோபப்பட்டால் நான் எப்போதும் பொறுமையாகக் கேட்பேன், பிறகு தீர்வு சொல்வேன்" என்று பதில் வரும். அவர்கள் கேட்டது ஒரு சம்பவம். கிடைத்தது ஒரு கொள்கை விளக்கம். எதிரே இருப்பவரின் மதிப்பெண் தாளில் எழுத ஒன்றும் இருக்காது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பெயர், ஊர், பெற்றோர், படித்த பள்ளி என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் முகத்தில் சலிப்புத் தெரிகிறது. என்ன தவறு?

அதெல்லாம் அவர்கள் மேசையில் இருக்கும் பயோடேட்டாவிலேயே இருக்கிறது. "இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம் என்பதை உங்கள் வாயால் கேட்போம்" என்பதுதான் இந்தக் கேள்வியின் பொருள். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியுங்கள். முதலில் இப்போது என்ன செய்கிறீர்கள் அல்லது என்ன படித்து முடித்தீர்கள் என்று இரண்டு வாக்கியம். அடுத்து, இந்த வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டு வேலைகள் அல்லது புராஜெக்ட்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் கையால் நடந்தது என்ன என்பது. கடைசியாக, இங்கே ஏன் வர விரும்புகிறீர்கள் என்று ஒரு வாக்கியம்.

இன்னொரு விஷயம். அடுத்த கேள்விகள் பெரும்பாலும் இந்தப் பதிலிலிருந்துதான் முளைக்கும். ஒரு மென்பொருளின் பெயரையோ இயந்திரத்தின் பெயரையோ சும்மா அலங்காரத்துக்குச் சொன்னால், "அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்குங்கள்" என்று அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். பத்து நிமிடம் தாக்குப்பிடித்துப் பேச முடிந்தவற்றை மட்டும் குறிப்பிடுங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் வேண்டாம். இடையில் யாராவது குறுக்கிட்டால் கோர்வை அறுந்துவிடும். தலைப்புகளின் வரிசை நினைவில் இருந்தால் போதும், வாக்கியங்கள் பேசும்போது தாமாக வரட்டும்.

ஸ்டார் முறையில் பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். அப்படிச் சொன்னால் செயற்கையாகத் தெரிகிறது. சொல்லத் தொடங்கினால் ஐந்து நிமிடம் ஆகிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. இந்த நான்கும்தான் ஸ்டார் (Situation, Task, Action, Result என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்). நான்குக்கும் சமமாக நேரம் கொடுப்பதுதான் கோளாறு. நடைமுறையில் பலர் நிலைமையை மட்டுமே மூன்று நிமிடம் விவரித்துவிட்டு, செய்ததை "அப்புறம் பேசித் தீர்த்துவிட்டோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் இருப்பதோ மூன்றாவது பகுதியில்.

மொத்தம் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலைமைக்கு 20 நொடி. பொறுப்புக்கு 10. நீங்கள் செய்ததற்கு 70 அல்லது 75. விளைவுக்கு மிச்சம்.

ஒரு கிடங்கின் மேற்பார்வையாளரிடம், "வேலைப்பளு கூடியபோது எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். சொதப்பலான பதில்: "எங்கள் கிடங்கில் எப்போதுமே பளு அதிகம். எல்லோரும் சேர்ந்து கூடுதல் நேரம் வேலை பார்த்து முடித்தோம்." தேறும் பதில் இப்படி இருக்கும்:

"ஒரே நாளில் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு ஆர்டர் வந்தது, ஆறு பேரில் இரண்டு பேர் விடுப்பு. மாலை வண்டி கிளம்புவதற்குள் ஏற்ற வேண்டியது என் பொறுப்பு. முதலில் ஆர்டர்களை அன்றே போக வேண்டியவை, மறுநாள் போனாலும் பாதகமில்லாதவை என்று பிரித்தேன். ஒவ்வொருவரும் முழுக் கிடங்கையும் சுற்றிப் பொருள் எடுப்பதால்தான் நேரம் வீணானது. அதனால் ஆளுக்கு ஒரு வரிசை என்று ஒதுக்கினேன். மறுநாளுக்குத் தள்ளியவற்றின் பட்டியலை மதியமே விற்பனைப் பிரிவுக்கு அனுப்பி, அவர்கள் வாடிக்கையாளரிடம் சொல்ல அவகாசம் கொடுத்தேன். அவசர ஆர்டர்கள் எல்லாம் வண்டியில் ஏறின. வரிசை பிரித்துக் கொடுத்த முறையை அதன்பிறகு தினமும் பின்பற்றினோம்."

இதில் சாகசம் எதுவும் இல்லை. ஆனால் என்ன முடிவு, எதற்காக, யாருக்குத் தகவல் போனது என்பதெல்லாம் தெரிகிறது. செயற்கையாகத் தெரியக் காரணம் முறை அல்ல, "நிலைமை என்னவென்றால்... என் பொறுப்பு என்னவென்றால்..." என்று தலைப்பை உரக்கச் சொல்வதுதான். தலைப்பை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.

"செய்தோம்" என்ற பன்மையிலும் கவனம் தேவை. தன்னைத்தானே முன்னிறுத்தக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் "நாங்கள்" என்றே சொல்பவர்கள் உண்டு. பண்புதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்பவருக்கு ஐந்து பேரில் உங்கள் பங்கு எது என்று புரியாது. "குழுவாக முடித்தோம், அதில் அட்டவணை போட்டதும் சப்ளையரிடம் பேசியதும் நான்" என்று பிரித்துச் சொன்னால் யார் உழைப்பையும் பறித்ததாகாது.

தயாரிப்புக்கு ஆறு முதல் எட்டுச் சம்பவங்கள் போதும். ஒரு தாளில் இடப்பக்கம் சம்பவம். மேல்வரிசையில் கருத்து வேறுபாடு, தவறு, நெருக்கடி, புதிதாகக் கற்றது, பிறருக்கு வழிகாட்டியது, மறுப்புச் சொன்னது என்று தலைப்புகள். எந்தச் சம்பவம் எந்தத் தலைப்புக்குப் பொருந்தும் என்று குறியிடுங்கள். ஒரே சம்பவம் மூன்று தலைப்புக்குப் பொருந்தினால் நல்லதுதான், ஆனால் ஒரே நேர்காணலில் அதை இரண்டு முறை சொல்லாதீர்கள். கற்பனைச் சம்பவம் வேண்டாம். "அப்போது அவர் என்ன சொன்னார்? வேறு என்ன யோசித்தீர்கள்? இன்று செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று துணைக்கேள்விகள் வரிசையாக வரும்போது, மூன்றாவது கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

இப்போதுதான் படிப்பை முடித்திருக்கிறேன். அனுபவமே இல்லாதவளிடம் அனுபவக் கேள்வி கேட்டால் எதைச் சொல்வது?

சம்பளம் வாங்கிய வேலையாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரி புராஜெக்டில் கூட்டாளி ஒருவர் வேலையே செய்யாமல் இருந்தது, விழா ஏற்பாட்டில் கடைசி நேரத்தில் ஏதோ ஒன்று கைவிட்டது, தம்பி தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கோ பாடம் சொல்லிக்கொடுத்தது, பகுதிநேர வேலை எல்லாமே கணக்கில் வரும். சம்பவம் சிறியதாக இருக்கலாம், விவரம் சிறியதாக இருக்கக்கூடாது.

உண்மையாகவே அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், "அந்தச் சூழல் எனக்கு இதுவரை வரவில்லை. அதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். புதியவர்களிடம் சூழல் கேள்வி கேட்பதும் உண்டு. நடக்காத ஒன்றை வைத்துக் கேட்பதால் அனுபவம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

சூழல் கேள்வியில் எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் தப்பாகிவிடும் போலத் தெரிகிறதே?

வேண்டுமென்றேதான் அப்படி அமைக்கிறார்கள். இந்த வகையைத் தொழில் உளவியலாளர் கேரி லேத்தமும் அவருடைய சகாக்களும் 1980-ல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் முறைப்படுத்தி வெளியிட்டார்கள். நல்ல சூழல் கேள்விக்குள் இரண்டு நியாயங்கள் மோதும். விடை வெளிப்படையாகத் தெரிந்தால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிவிடுவார்களே.

உதாரணம்: "சரக்கு அனுப்ப அரை மணி நேரம்தான் இருக்கிறது. கடைசித் தரச்சோதனை முடியவில்லை. மேலாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வீர்கள்?" உடனே "அனுப்பிவிடுவேன்" அல்லது "அனுப்பவே மாட்டேன்" என்று தாவாதீர்கள். தெரியாததைக் கேளுங்கள்: அந்தச் சோதனை பாதுகாப்பு பற்றியதா, தோற்றம் பற்றியதா? மேலாளருக்கு அடுத்து முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? விவரம் தர மறுத்தால், "பாதுகாப்புச் சோதனை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று உங்கள் அனுமானத்தைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். பிறகு எதை விட்டுக்கொடுக்கவே மாட்டீர்கள், முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள், யாரிடம் என்ன தகவல் சொல்வீர்கள், முடியாவிட்டால் மாற்று வழி என்ன என்று வரிசையாகப் போங்கள். "சோதனை முடிந்த பகுதியை மட்டும் முதலில் அனுப்பலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்பேன்" என்பது போன்ற நடுவழி ஒன்று பெரும்பாலும் கிடைக்கும்.

"மேலதிகாரியிடம் கேட்டுச் செய்வேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதுகாப்பான பதில் என்று நினைக்கிறார்கள். அது பதிலைத் தட்டிக்கழிப்பது. அவர் கிடைக்கமாட்டார் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாளைப் பார்த்தே கேள்வி கேட்டார்கள், சிரிக்கவில்லை, நான் பேசப் பேச எழுதிக்கொண்டே இருந்தார்கள். என்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை. அது கட்டமைத்த நேர்காணல். எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகள், அதே வரிசை, முன்பே எழுதிவைத்த மதிப்பெண் அளவு. ஐந்து மதிப்பெண் பதில் எப்படி இருக்கும், மூன்று, ஒன்று எப்படி இருக்கும் என்று அவர்கள் தாளிலேயே மாதிரி இருக்கலாம். ஒருவரிடம் தலையாட்டி இன்னொருவரிடம் முறைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்பதால் முகத்தைச் சமமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள்.

இந்த முறைக்குக் காரணம் இருக்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998-ல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பிறகு வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பு கட்டமைத்த நேர்காணலில் 0.51, மனம்போனபடி பேசும் நேர்காணலில் 0.38 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-ல் மறுகணக்குப் போட்டபோது அவை 0.42, 0.19 என்று குறைந்தன. இடைவெளியோ இன்னும் கூடியது. உங்களுக்கு இதனால் லாபம்தான். அரட்டையில் கெட்டிக்காரர் என்பதற்காக மட்டும் இன்னொருவர் முந்திவிட முடியாது.

இப்படிப்பட்ட நேர்காணலில் ஒரு கேள்விக்குச் சொன்னதை இன்னொன்றில் "முன்பே சொன்னேனே" என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தனி மதிப்பெண் கட்டம் இருக்கும். சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுங்கள். அவர்கள் எழுதி முடிக்கும் மௌனத்தை நிரப்பப் பேசிக்கொண்டே போகவும் வேண்டாம்.

"உங்கள் பலவீனம் என்ன?" என்றால் "எதிலும் நூறு சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பேன்" என்று சொல்லச் சொல்கிறார்கள். சரியா?

அலுத்துப்போன பதில். பலத்துக்குப் பலவீனம் என்று வேடம் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். ஆனால் அந்த வேலையின் உயிர்நாடியாக இருப்பதைச் சொல்லாதீர்கள். கணக்கு வேலைக்குப் போய் "எண்களில் கவனம் சிதறும்" என்றால் கதை முடிந்தது. அதே ஆள் "பெரிய கூட்டத்தில் பேசத் தயங்குவேன். இப்போது வாராந்திரக் கூட்டத்தில் என் பகுதியை நானே கேட்டு வாங்கிப் பேசுகிறேன். குறிப்புத் தாள் இன்னும் தேவைப்படுகிறது" என்று சொல்லலாம். குறை, அதற்கு எடுத்த நடவடிக்கை, இன்று எந்த நிலை. முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லத் தேவையில்லை. சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

"இந்த நகரத்தில் எத்தனை முடிதிருத்துநர்கள் இருப்பார்கள்?" என்று கேட்டார்கள். வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எண் சரியா என்று அவர்கள் பார்க்கவில்லை, அதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். ஆலோசனை நிறுவனங்கள், பகுப்பாய்வு வேலைகளில் இன்னும் கேட்கிறார்கள். இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி இப்படி மதிப்பிடுவதில் பேர் பெற்றவர், அதனால் ஃபெர்மி கணக்கு என்றும் சொல்வார்கள்.

வாய்விட்டுக் கணக்குப் போடுங்கள். மக்கள்தொகை 10 லட்சம் என்று கொள்வோம். பாதிப் பேர் மாதம் ஒருமுறை கடையில் முடிவெட்டுகிறார்கள் என்றால் மாதம் 5 லட்சம் முடிவெட்டு. ஒருவர் நாளுக்கு 12 பேருக்கு, மாதம் 25 நாள் வேலை செய்தால் 300. ஐந்து லட்சத்தை 300-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,700. அதோடு நிறுத்தாமல், "இதில் பாதிப் பேர் என்ற அனுமானம்தான் பலவீனமான கண்ணி, அது மாறினால் விடையும் அதே விகிதத்தில் மாறும்" என்று சொல்லுங்கள். கணக்கைவிட அந்த வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம்.

வெறும் விடுகதைகள் வேறு ரகம். வேலைக்கு ஆள் எடுக்கப் பொது அறிவுக் கேள்விகளை அடுக்கிய பழக்கம் பழையது. தாமஸ் எடிசன் தயாரித்த வினாத்தாள் 1921-ல் பத்திரிகைகளில் வெளியாகிப் பெரும் கேலிக்கும் விவாதத்துக்கும் உள்ளானது. புதிர்க் கேள்விகளுக்குப் பேர்போன கூகுளிலேயே, மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் அவை முழுக்க நேர விரயம் என்று சொன்னார். எனவே அவற்றுக்கென்று தனியாகப் படிக்க நேரம் செலவிட வேண்டாம்.

தொழில் சம்பந்தமான கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் போச்சா?

ஒன்றிரண்டு தெரியாமல் இருப்பதால் ஒன்றும் போகாது. உங்கள் எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கவே சில பேனல்களில் கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போவார்கள். ஊகித்து அடித்துவிடுவதுதான் கெடுதல். அதுவரை சொன்ன சரியான பதில்கள் மீதும் சந்தேகம் வரும். "இதை நான் செய்ததில்லை. எனக்குத் தெரிந்தது இதுவரை. இதற்கு மேல் இன்ன ஆவணத்தில் பார்ப்பேன், இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் அது வேறு. திரும்பக் கேட்பதில் தவறே இல்லை.

இரண்டு வருடம் வேலைக்குப் போகவில்லை. அதைத் தோண்டித் தோண்டிக் கேட்கிறார்கள்.

நீட்டி விளக்க விளக்கத்தான் தோண்டுவார்கள். காரணத்துக்கு ஒரு வாக்கியம்: குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது, உடல்நலம், தேர்வுக்குப் படித்தது, எதுவானாலும் சரி. இடையில் என்ன செய்து தொழிலோடு தொடர்பு வைத்திருந்தீர்கள் என்று ஒரு வாக்கியம். இப்போது முழுநேரமாக வர எந்தத் தடையும் இல்லை என்று ஒன்று. தேதிகளை மட்டும் ஒட்டுப்போட்டு இடைவெளியை மறைக்காதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் அகப்பட்டால் கொடுத்த வேலையையே திரும்பப் பெறுவார்கள். பழைய நிறுவனத்திலிருந்து விலகிய காரணத்துக்கும் இதே அளவுதான். அங்கே உண்மையிலேயே கொடுமை நடந்திருந்தாலும், அதை விவரிக்க இது இடமல்ல.

"கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பல நாடுகளில் இப்படிக் கேட்பதே சட்டச் சிக்கலுக்கு இடம்கொடுக்கும். சில இடங்களில் தடையில்லை. எங்கே இருந்தாலும் இது வேலைத் திறனுக்குத் தொடர்பில்லாத கேள்வி. அதற்குப் பின்னால் இருக்கும் கவலை என்ன என்று பார்த்து அதற்குப் பதில் சொல்வது ஒரு வழி: "வேலை நேரமும் பயணமும் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விளம்பரத்தில் சொன்ன நேரத்துக்கு என்னால் வர முடியும்." விருப்பமிருந்தால் நேரடியாகவே பதில் சொல்லலாம், அது உங்கள் உரிமை. "இது இந்தப் பணிக்கு எந்த வகையில் தேவைப்படுகிறது?" என்று அமைதியாகக் கேட்கவும் செய்யலாம். வாய்ப்பு நழுவக்கூடும், தெரிந்தே கேளுங்கள். இதே கேள்வியை ஆண்களிடமும் கேட்கிறார்களா என்பதைக் கவனித்தால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கே நிறையத் தெரிந்துவிடும்.

எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்று முதல் சுற்றிலேயே கேட்டால்?

"இந்தப் பணிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் வரம்பாகச் சொல்லுங்கள். வரம்பின் கீழ்எண் நீங்கள் உண்மையிலேயே சம்மதிக்கும் தொகையாக இருக்கட்டும். பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே நடக்கும். முந்தைய சம்பளத்தைக் கேட்பதைச் சில நாடுகளும் மாநிலங்களும் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. தடை இல்லாத இடத்தில் கேட்டால், கூட்டிச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்கிறார்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இரண்டு கேள்வியாவது கையில் வைத்திருங்கள். நான்கு எழுதிக்கொண்டு போங்கள். பேச்சின் நடுவிலேயே இரண்டுக்குப் பதில் கிடைத்துவிடும். முதல் மூன்று மாதத்தில் இந்தப் பணியில் இருப்பவர் எதை முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இது புதிய பணியிடமா, ஒருவர் விலகிய இடமா? என் வேலையை யார், எப்படி மதிப்பிடுவார்கள்? முடிவு எப்போது, எந்த வழியில் தெரியவரும்? விடுமுறை, சலுகை பற்றியவற்றை வேலை உறுதியானபின் கேட்டுக்கொள்ளலாம். பதில் மழுப்பலாக வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக முன்பிருந்தவர் ஏன் போனார் என்ற இடத்தில்.

ஆள் யாருமில்லாமல், திரையில் வரும் கேள்விக்குக் கேமராவைப் பார்த்துப் பதில் பதிவுசெய்யச் சொல்கிறார்கள். இதற்குத் தனித் தயாரிப்பு உண்டா?

கேள்வி வகைகள் அதேதான். யோசிக்கத் தரும் அவகாசமும் பதிலுக்கான நேரமும் முன்பே திரையில் போட்டிருப்பார்கள். நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்திலும் பதிவு நின்றுவிடும். ஆகவே விளைவை முன்னால் கொண்டுவாருங்கள்: "அந்த ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி என்றால்..." என்று தொடங்கினால், கடைசி அறுபட்டாலும் விஷயம் பதிவாகியிருக்கும். துணைக்கேள்வி கேட்க ஆளில்லை என்பதால் காரணங்களை நீங்களே சொல்லிவிட வேண்டும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். மாதிரிக் கேள்வி ஒன்று கொடுத்தால் அதைத் தாண்டிப் போகாமல், ஒருமுறை பதிவுசெய்து ஒலி சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.